நூறு மகேஸ்வரன்மாரும் ஒரு இராஜேஸ்வரியும்

நான் கனடாவுக்கு வந்து இறங்கிய 1987 மார்கழியில் ரொறன்ரோ நகரத்தில் ஒரேயொரு மகேஸ்வரன்தான் இருந்தான். அது நான். ரொறன்ரோவில் என்ன, வடதுருவத்திலிருந்து மெக்சிக்கோ எல்லைவரை சல்லடை போட்டுச் சலித்திருந்தாலும் இன்னொருவன் அகப்பட்டிருக்க மாட்டான் என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுவேன். என் மகன் வாகீசன் இதைக் கேட்டால் "அப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்லுறார்" என்பான். அவன் அப்போது யாழ்ப்பாணத்தில் இரண்டு வயதுக் குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்?

இன்றைக்கு நிலைமை வேறு. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மகேஸ்வரனுக்கு மேலேதான் விழவேண்டும். பல்லுப் பிடுங்குகிற மகேஸ்வரன் இருக்கிறார். பஸ் தரிப்பிடத்து வாங்கில் தன் படத்தைப் போட்டு வீடு விற்கிற மகேஸ்வரன் இருக்கிறார். அவர் முகத்துக்கு மேலேதான் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பஸ் பார்க்கிறோம். என் பேத்தி நிலாணியின் வகுப்பில் மட்டும் மூன்று மகேஸ்வரன். அதிலே இரண்டு பெண் பிள்ளைகள். ஒருவருக்கொருவர் எந்தச் சொந்தமும் இல்லை.

காலை எட்டு மணிக்குக் கடைகள் திறந்ததிலிருந்து இந்த நகரத்தில் யாராவது ஒருவர் என் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொல்லாத ஒரே ஆள் என் மனைவி இராஜேஸ்வரி. கலியாணம் முடித்து நாற்பது வருஷம். ஒரு தரம்கூட இல்லை.

ஒரே ஒரு தரம் அவள் வாயால் அதைக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை. எழுபது வயதில் இது ஒரு ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். என் சிநேகிதர்கள் இந்த வயதில் புளோரிடாவில் வீடு வாங்க ஆசைப்படுகிறார்கள். என்னுடையது மலிவான ஆசைதான். ஆனால் கிடைக்கவில்லையே.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பேரை முன்னுக்கு வைப்போம், சொந்தப் பேரைப் பின்னுக்கு வைப்போம், அவ்வளவுதான். என் அப்பா நாகமணி. ஆகவே நான் நாகமணி மகேஸ்வரன். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி இதில் குடும்பப் பேர் எது என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை ஐயா என்று விளக்க எனக்கு இங்கிலிஸ் போதவில்லை, கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரம் போதவில்லை. முன்னுக்கு நிற்பது ஆள், பின்னுக்கு நிற்பது குடும்பம் என்று எழுதி முத்திரையைக் குத்திவிட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் செத்துப்போன என் அப்பா எழும்பி வந்து கனடாவில் வேலைக்குப் போகத் தொடங்கினார். நான் தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். எங்கள் மேற்பார்வையாளன் றிச்சர்ட், "நாகமணி, இன்றைக்கும் பிந்திவிட்டாய்" என்று அத்தனை வருஷமும் என் தகப்பனைத்தான் ஏசினான். அப்பா உயிரோடு இருந்தவரை எதற்கும் பிந்தாத மனிதர். இரண்டொரு தரம் றிச்சர்டிடம் அவருக்காக வாதாடலாம் என்றுகூட நினைத்தேன்.

என்னுடைய பேர் என்னை விட்டுக் கழன்று குடும்பத்துக்குப் போய்விட்டது. பிள்ளைக்குப் போனது, பேத்திக்குப் போனது. என்னை மகேஸ்வரன் என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் அம்மா, இரண்டு அண்ணன்மார், பக்கத்து வாங்கில் இருந்து படித்த நாலைந்து பெடியள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெரியண்ணன் பாரிசில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து "டேய் மகேஸ்வரன்" என்று தொடங்குவார். ஆறு வருஷத்துக்கு முந்தி அதுவும் நின்றது. இப்போது பிள்ளைக்கு நான் அப்பா, பேத்திக்கு அப்பப்பா, கடைக்காரருக்கு முதலில் அண்ணை, பிறகு அங்கிள். பேர் பெருகப் பெருக, அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. மிச்சம் இருப்பது இராஜேஸ்வரி.

அவள்தான் சொல்லமாட்டாளே. புருசன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவளுடைய நம்பிக்கை. அவளுக்கு நான் "இஞ்சருங்கோ." கொஞ்சம் கோபம் என்றால் "வாகீசன்ரை அப்பா." மருமகள் மாமனார் பேரையும் சொல்லக்கூடாது. ஆகவே நாகமணிக்கும் பூட்டு, மகேஸ்வரனுக்கும் பூட்டு. முன்கதவும் இல்லை, பின்கதவும் இல்லை.

1990 இல் அவளும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். அரசாங்கம் அவளை இராஜேஸ்வரி மகேஸ்வரன் ஆக்கியது. புருசன் பேரைச் சொல்லவே மாட்டேன் என்று இருந்த பெண்ணைப் பிடித்து, எந்தக் கவுன்ரருக்குப் போனாலும் அதைச் சொன்னால்தான் அலுவல் நடக்கும் என்று ஒரு நாடே சேர்ந்து சட்டம் போட்டது போல இருந்தது. நான் உள்ளூரக் குதூகலித்தேன். ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.

இங்கிலிஸ் வகுப்புக்குப் பதியப் போனோம். நான் வேண்டுமென்றே வரிசையில் இருந்து விலகி, சுவரில் இருந்த தீயணைக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டு நின்றேன்.

"லாஸ்ற் நேம்?" என்றாள் மேசையில் இருந்தவள்.

"மை ஹஸ்பண்ட்ஸ் நேம்," என்றாள் இராஜேஸ்வரி.

"யெஸ். வட் இஸ் இட்?"

"ஹஸ்பண்ட்ஸ் நேம்."

பின்னால் வரிசை கதவைத் தாண்டி, படியால் இறங்கி, கெனடி வீதி வரைக்கும் போய்விட்டது. இராஜேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கருவியின் காலாவதித் திகதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் அவள் தன் தகப்பன் பேரைக் கொடுத்துவிட்டாள். இராசரத்தினம். அந்த வகுப்பு நடந்த இரண்டு வருஷமும், ஒன்றுகூடல்களில் ரீச்சர் என்னைக் கண்டால் "ஹலோ மிஸ்டர் இராசரத்தினம்" என்று கை கொடுப்பாள். நானும் மாமனாராகவே நின்று கேக் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

பிறகு அவள் வழி கண்டுபிடித்தாள். கேட்ட உடனே அடையாள அட்டையை நீட்டிவிடுவாள். எழுதலாம், காட்டலாம், வாய்தான் கூடாது. தொலைபேசி என்றால் வாகீசனைப் பிடித்து ரிசீவரை அவன் காதில் அமத்துவாள். "சொல்லு தம்பி, உன்ர பேரைச் சொல்லு." ஆறு வயதில் அந்தப் பிள்ளை வங்கியோடும் மின்சார சபையோடும் கதைத்துப் பழகியவன். இன்றைக்கு வக்கீலாக இருக்கிறான் என்றால் சும்மா இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வருஷாவருஷம் வீட்டு வாசலில் தொலைபேசிப் புத்தகம் போடுவார்கள் அல்லவா, தலையணை மாதிரி. 1988 இல் அதில் மகேஸ்வரன் என்று ஒரு வரி இருந்தது. 1991 இல் ஏழு வரி. சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் குசினிக்குக் கொண்டுபோனேன்.

"இஞ்சை பாரும். இந்த வருசம் ஏழு."

"என்ன ஏழு?"

"மகேஸ்வரன். ஏழு பேர். இனி நீர் அதை என்ர பேர் எண்டு நினைச்சுப் பயப்பிடத் தேவையில்லை. ஏழிலை ஒரு பங்குதான் என்ர."

"அப்ப ஏழிலை ஒரு பங்கு ஆயுள் குறைஞ்சால் காரியமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பருப்பைக் கிண்டினாள்.

நான் விடுகிறவனா? ஒவ்வொரு வருஷமும் எண்ணினேன். சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள், பேரும் வந்துகொண்டிருந்தது. 1996 இல் நாற்பத்தொன்று. அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். புத்தகத்தை வாங்கி, வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூறு வரட்டும், பாப்பம்" என்றாள்.

பாப்பம் என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம். எனக்கு அப்படித்தான் கேட்டது. அதிலிருந்து இந்த நகரத்தில் மகேஸ்வரன்மாரை என்னைப்போல் வரவேற்ற மனிதன் கிடையாது. மொன்றியலில் இருந்து ஒரு மகேஸ்வரன் குடும்பம் வருகிறது என்று கேள்விப்பட்டால் நானே வானை எடுத்துக்கொண்டு போய்ச் சாமான் இறக்கிக் கொடுப்பேன். கட்டிலைப் பொருத்திப் பூட்ட முதல் போன் லைன் எடுக்கவேண்டும், அதுவும் குடும்பத் தலைவரின் பேரில் எடுக்கவேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. அவர்கள் என்னை ஏதோ போன் கொம்பனியின் ஆள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெடியன் தன் பேஸ்மென்றுக்குத் தனி லைன் எடுக்கிறேன் என்றபோது அவனைக் கட்டிப்பிடித்தேன்.

2003 இல் தொண்ணூற்றெட்டு. அந்த வருஷம் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அடுத்த வருஷம் இரண்டு பேர் கூடினார்கள், இரண்டு பேர் பக்கத்து மார்க்கம் நகரத்துக்கு வீடு மாறினார்கள், திரும்பவும் தொண்ணூற்றெட்டு. ரொறன்ரோவை விட்டுப் போனவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. 2005 இல் நூற்றியாறு.

குசினி மேசையில் உட்கார்ந்து நூற்றியாறையும் வாசித்தேன். முதலெழுத்து, வீட்டு இலக்கம், வீதிப் பேர், ஒன்றையும் விடவில்லை. இராஜேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். எனக்கு நெஞ்சு அடித்த சத்தம் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்குக் கேட்டிருக்கும்.

"நூறு பேர் எண்டு சொன்னனீர்," என்றேன்.

"ஓம், சொன்னனான். இப்ப யோசிச்சுப் பாத்தால், அத்தினை பேரின்ரை ஆயுளையும் நான் ஒருத்தியா நிண்டு குறைக்கிறதே? அவையளுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்குமெல்லே."

நான் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தேன். பதினைந்து வருஷ உழைப்பு, வெங்காயத் தோலோடு குப்பைக்குள் போனது.

அன்று பின்னேரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே ஒன்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவள் தகப்பனுக்கு நெஞ்சு நோ வந்து, யாரோ ஒருவருடைய காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார் வெளிக்கிட்டபோது அவளுடைய தாய் ஒழுங்கை முடியும் வரைக்கும் பின்னால் ஓடினாளாம், "இராசரத்தினம், இராசரத்தினம்" என்று கூப்பிட்டபடி. அதற்கு முதல் தாய் அந்தப் பேரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பொழுதுபட முன்னர் செய்தி வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும், நெஞ்சு வருத்தத்திலைதான் செத்தவர்," என்றாள் இராஜேஸ்வரி. வாகீசனின் காற்சட்டையை நாலாக மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள். "தெரியும்தான்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எண்ணுவதையும் விட்டேன். ஆனால் கேட்காமல் விட்டால் ஆசை போய்விடும் என்று நான் நினைத்தது பிழை. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது, வாடகை கொடுக்காத விருந்தாளி மாதிரி.

பிறகு புத்தகம் மெலிந்தது. எல்லோரும் கைத்தொலைபேசிக்கு மாறினார்கள். வீதியில் மகேஸ்வரன் கூடக் கூடப் புத்தகத்தில் குறைந்தார்கள். ஒரு வருஷம் புத்தகமே வரவில்லை. பேரும் மாறத் தொடங்கிவிட்டது. இங்கே பிறந்த பெடியன் ஒருத்தன் அதை வெட்டி "மஹேஷ்" என்று மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறான். நிலாணியின் வகுப்பில் உள்ள ஒரு பிள்ளைக்கு நடுவிலே கோடு போட்டு, தாயின் இத்தாலியப் பேரையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை கையெழுத்து வைத்து முடிக்க ஒரு மத்தியானம் வேண்டும். நிலாணியிடம் நான் ஒரு நாள் என் பென்சன் கடிதத்தைக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அப்பப்பா, யூ ஹாவ் மை லாஸ்ற் நேம்" என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "உம்மட்டை இருந்துதான் எடுத்தனான்."

"இட்ஸ் ஓகே," என்றாள் பெரிய மனத்தோடு.

இந்த வைகாசியில் என் வலது கண்ணில் புரை என்று சொல்லி ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற கண் கிளினிக். மில்லிக்கனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து வாகீசன் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏதோ மீற்றிங் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

நேர்ஸ் கதவைத் திறந்து "மகேஸ்வரன்" என்றாள். மண்டபமே எழும்பியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். இரண்டு பேர் எழும்பினோம். மற்றவருக்கு அறுபது வயது மதிப்பு, கட்டையான, நல்ல கறுத்த மீசைக்காரர். நேர்ஸ் தாளைப் பார்த்துவிட்டு, இருவருக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, பெயர் பதியத்தான் கூப்பிட்டேன் என்றாள். அவள் சட்டையில் நடாஷா என்று இருந்தது. திரும்பி வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"நீங்களும் மகேஸ்வரனோ?" என்றேன்.

"இல்லண்ணன், நான் கிருபைராசா. மகேஸ்வரன் எங்கட அப்பா. மட்டக்களப்பு. இப்ப மோர்னிங்சைட்ல இரிக்கன்."

"அப்பாவும் இஞ்சையோ?"

"அவர் போய் முப்பத்திநாலு வருசம் அண்ணன். ஊர்லயே போயிட்டார்." மீசையைத் தடவினார். "ஆனா இஞ்ச ஆராவது அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, ஒரு நொடி அவர்தான் எழும்புறார் எண்டு நினைக்கன். பிறகு பாத்தா நான் நிக்கன்."

என் மற்றப் பக்கத்தில் இருந்த இராஜேஸ்வரி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "உங்கட அம்மா அவரை எப்பிடித் தம்பி கூப்பிடுறவ?"

"அம்மாவோ? 'இஞ்சேருங்க' எண்டுதான். பேரச் சொல்லுவாவா அக்கா?"

இராஜேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் நாற்பது வருஷ வழக்குக்கும் தீர்ப்பு எழுதியிருந்தது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாக்குக்குக் கீழே ஒரு குளிசை வைத்தார்கள். கண்ணுக்குள் ஆயிரம் நிறத்தில் வாணவேடிக்கை. ஏழு நிமிஷத்தில் முடிந்தது என்றார்கள், நான் எழுபது வருஷமாகப் பார்க்காத நிறங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். பிறகு ஒரு கட்டிலில் கிடத்தி, வலது கண்ணுக்குப் பிளாஸ்ரிக் மூடி போட்டு, சுற்றிவரத் திரையை இழுத்துவிட்டுப் போனார்கள். பாதி நித்திரையில் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் இராஜேஸ்வரியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"இதோ உங்கள் கணவர்," என்றது நடாஷாவின் இங்கிலிஸ்.

இராஜேஸ்வரி, "நொட் மைன்" என்றாள்.

"இவர் மகேஸ்வரன்தானே?"

"யெஸ். பட் நொட் மைன்."

"அக்கா, நான் கிருபைராசா," என்றது ஒரு தூக்கக் குரல்.

"தெரியுது தம்பி, நீங்கள் படுங்கோ."

"அப்படியென்றால் எந்த மகேஸ்வரன்?" நடாஷா பொறுமையான பிள்ளை. "முதற் பேர் என்ன?"

முதற் பேர் மாமனார். அமைதி. கடைசிப் பேர் நான். இன்னும் பெரிய அமைதி. திரைக்குள் எனக்கு வயிறு குலுங்கியது. சிரித்தால் கண் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் திரை சரக்கென்று விலகியது. "திஸ் வன்," என்றாள் இராஜேஸ்வரி, சந்தையில் மீன் காட்டுவதுபோல விரலை நீட்டி.

நடாஷா என்னைத் தட்டிப் பார்த்தாள். நான் அசையவில்லை. பொய் சொல்லக்கூடாது, அந்த நேரம் உண்மையாகவே உடம்பு பாரமாக இருந்தது. "மருந்து சிலருக்குக் கொஞ்சம் கூட வேலை செய்யும், பயப்பட ஒன்றுமில்லை," என்றாள் நடாஷா. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தெரிந்த குரலில் பேரைக் கேட்டால் எழும்புவார்கள். நான் ஜூஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன்."

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதைக் கேட்டதும் என் நித்திரை முழுவதும் பறந்துவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் இராஜேஸ்வரி.

நான் கிடந்தேன்.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. எல்லாம் முடிஞ்சுது."

காலைப் பிடித்து ஆட்டினாள். நான் கல்லு மாதிரிக் கிடந்தேன். எனக்குள்ளே ஒரு பத்து வயதுப் பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஒளித்திருப்பது போல இருந்தது.

"வாகீசன்ரை அப்பா."

பிறகு சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று இடது கண்ணை ஒரு மயிரளவு திறந்தேன்.

போகவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது ஏறி இறங்குகிறதா என்று. அந்த முகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கலியாண வீட்டில் பார்த்த இருபத்திரண்டு வயது முகமும் இல்லை, காலையில் காரில் பார்த்த முகமும் இல்லை. அதற்கெல்லாம் முந்திய ஒரு முகம். ஒழுங்கை முடிவில் நிற்கிற முகம்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதுப் பக்கமாகக் குனிந்தாள். மூச்சை இழுத்தாள். உதடு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து அமர்ந்தன, முதல் எழுத்துக்கு.

அரை நொடி இருந்திருந்தால் போதும். நூற்றியாறு பேரை எண்ணி, வான் பிடித்து, கட்டில் பூட்டி நான் காத்திருந்தது அந்த அரை நொடிக்குத்தான்.

"ஓம்," என்றேன். "முழிச்சுத்தான் இருக்கிறன்."

அவள் நிமிர்ந்தாள். சேர்ந்த உதடு அப்படியே இருந்தது. பிறகு என் போர்வையை இழுத்துக் காலை மூடினாள், மூடியிருந்த காலைத் திரும்பவும். நடாஷா அப்பிள் ஜூஸ் கொண்டுவந்து, "பார்த்தீர்களா, பேர் சொன்னால் எழும்புவார்கள்" என்று சிரித்தாள். இராஜேஸ்வரி அவளுக்கு இல்லையென்று சொல்லவில்லை. ஸ்ரோவைக் குத்தி என் வாயில் வைத்தாள்.

வாகீசன் கெனடி வீதியால் ஓட்டிக்கொண்டு வந்தான். நான் முன்னுக்கு, அவள் பின்னுக்கு.

"எப்பிடியப்பா, தெரியுதோ?"

"தெரியுதடா. மூடி போட்டபடியே அங்கை மொன்றியலிலை ஆர் ஆர் நிக்கினம் எண்டும் தெரியுது."

பிஞ்ச் வீதி தாண்டியது. ஸ்ரீல்ஸ் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் இராஜேஸ்வரி வாய் திறந்தாள்.

"நீங்கள் முழிப்பாத்தான் கிடந்தனீங்கள்."

"ஓம்."

"நான் முதல்தரம் கூப்பிடேக்கையே?"

"ஓம்."

"என்னம்மா நடந்தது?" என்றான் வாகீசன் கண்ணாடியைப் பார்த்து.

"நீ றோட்டைப் பார்," என்றாள் அவள்.

விளக்குப் பச்சைக்கு மாறியது. நான் மடியில் இருந்த மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், ஆனால் மகனுக்கு முன்னால் எதற்கென்று சொல்லிக் கேட்பது? எங்கள் வீதிக்குத் திரும்பும்போது அவள் மெதுவாக, யன்னலுக்கு வெளியே யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"இன்னொருக்கா இப்பிடிக் கிடந்தியளெண்டால், சொல்லிப்போடுவன்."

மற்றக் கண்ணுக்கு மூன்று கிழமையில் திகதி தந்திருக்கிறார்கள். வாகீசன் லீவு போட்டுவிட்டான். அசையாமல் கிடப்பதா, கூப்பிட்ட உடனே எழும்பிவிடுவதா என்று நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு தரம் முடிவு எடுக்கிறேன், நூறு தரம் மாற்றுகிறேன்.

இப்போதைக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கண்ணுக்குச் சொட்டு மருந்து. என்னைக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு கையால் இமையைப் பிரித்துக்கொண்டு இராஜேஸ்வரி என் முகத்துக்கு நேரே குனிகிறாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் வாய் இருக்கிறது. புதுக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"என்ரை வாயைப் பாக்காதேங்கோ," என்கிறாள். "மேலை பாருங்கோ."